பெரியப்பாவின் கிணறும் என் மிதவையும்

"எங்கள் காலத்தில் இந்த ஊரில் நீச்சல் தெரியாத ஆள் உண்டா?" என்று பெரியப்பா கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ முரண்டு பிடிக்கும். அவர் என்னைப் பார்த்துக் கேட்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலோ, பொங்கலுக்கு வந்த சொந்தங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதோ பொதுவாகக் கேட்பார். கொங்கு நாட்டில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் நான்கு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்தே தீரும். மிதப்பதற்காக இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையை, அதாவது சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டது, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது, நாலைந்து நாளில் கையும் காலும் தானாக ஓடத் தொடங்கியது, அப்புறம் மோட்டார் அறையின் மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்தது. கடைசியில் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் தலையில் ஒரு குட்டு: காசு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த நேரத்தில் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் என் அம்மாவும் அதே காலத்து ஆள்தான். மருமகளாக இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றை ஒட்டியேதான் அவருடைய வாழ்க்கை. துவைத்தது அந்தத் தொட்டியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது அங்கே, ராத்திரி கரண்ட் வந்தால் எழுந்து போய் மோட்டார் போட்டதும் பல நாள் அவர்தான். கணுக்காலுக்கு மேல் அந்தத் தண்ணீர் அவர்மேல் பட்டதில்லை. என் பாட்டி, ஆத்தாவுக்கும் அப்படித்தான். அண்ணன்மார் இருவரும் குதித்து விளையாடியபோது துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்தவள் நான். வயதுக்கு வந்த பிறகு அந்தக் காவல் வேலையும் போய்விட்டது.

பெருந்துறைக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். கீழ்பவானி வாய்க்கால் எங்களுக்குக் கீழே போகிறது. பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிற வாய்க்கால் அது; அதில் ஒரு சொட்டுகூட எங்கள் மேட்டாங்காட்டுக்கு ஏறாது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிய வருடங்களில் திறந்த கிணறுகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. எங்களுடையதில் வேலிக்காத்தான் முளைத்தது, யாரோ இரண்டு பழைய டயர்களையும் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு – அவினாசித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வரும் பவானியின் உபரி நீரை மேலே ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிற திட்டம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பேச்சு அது. எங்கள் குட்டையில் தண்ணீர் நின்றது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. பாறை வெடிப்புகளில் ஊற்றுக் கண் திறந்தது. டயர்களை எடுத்து, முள்ளை வெட்டி, சேற்றை வாரினோம். அறுபதடிக் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்.

என் மகள் திருப்பூரில் நாலடி ஆழக் குளத்தில் காசு கட்டி, கண்ணாடி மாட்டிக் கற்றுக்கொண்டவள். மேட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நான் இறங்கலாமா?" என்று கேட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே கல்கட்டு, கீழே வெறும் பாறை. முப்பதுக்கு முப்பது அடி. இறங்க ஒரே ஒரு பக்கம் நீட்டுக்கல் படிகள். மற்ற மூன்று பக்கமும் பாசி. குளத்தில் இருப்பதுபோல் ஆழமில்லாத ஓரம் என்று கிணற்றில் எதுவும் கிடையாது. முதல் அடியே முப்பது அடி ஆழம். களைத்துப்போனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கிணறும் கல்குவாரிக் குழியும் தவறாமல் வருகின்றன; பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படத்தோடு. சுரைப்புருடைக் கதைகளைச் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் மேலே ஏறி வந்தவர்கள் என்பதை அந்தக் கிணற்றைக் குனிந்து பார்த்த அன்றுதான் நினைத்தேன்.

அதனால் நடுக்கிணற்றில் ஒரு மிதவை. பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார, மூச்சு வாங்க. முப்பதடி நீந்த வேண்டியவளுக்குப் பதினைந்தடியில் ஒரு கை பிடிக்கக் கிடைக்கும். பெரியப்பாவிடம் சொன்னேன். "கிணற்றுக்குள் தெப்பத் தேர் ஓட்டப் போகிறாயா?" என்றார்.

பனங்கைக்கு விறகு விலை

என் தாத்தா, எங்கள் பேச்சில் அப்பாரு, கட்டிய ஓட்டு வீட்டை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தோம். பழைய மர வியாபாரி வந்து தேக்கு உத்தரங்களைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். வேப்பஞ்சட்டங்களுக்கு அரை மனதாக ஒரு விலை. ஓட்டைத் தாங்கிய பனைமரச் சட்டங்களான பனங்கைகளைக் காலால் உருட்டிவிட்டு விறகு விலை கேட்டார். உத்தரம் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் நான் நிறுத்திக்கொண்டேன். ஒரு தலைமுறைக்கு மேல் ஓட்டுக்கு அடியில் காய்ந்த கட்டைகள். இன்று மர அறுவை ஆலையில் பச்சையும் ஈரமுமாக வாங்கி, காயவைக்கிறேன் என்று ஆறு மாதம் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. எங்கள் அடுப்புப் புகையே அந்த வேலையைச் செய்து முடித்திருந்தது.

முதலில் ஆணி. பழைய மரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் பாதி வேலை. தலை தெரிகிற ஆணியைப் பிடுங்கிவிடலாம். தலை தேய்ந்து உள்ளே போனவை இழைப்புளியின் வாயைச் சிதைக்கும், ரம்பப் பல்லைத் தெறிக்கவிடும். வீடு பிரிக்க வந்தவர்களில் ஓர் அண்ணன் இதில் கைதேர்ந்தவர். ஐம்பதைக் கடந்தவர், ஊருக்குத் தெற்கே காலனியில் வீடு. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போவார். நூல் எங்கே சாய்கிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம். ஆசாரி அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு, "இவர் என் பட்டறைக்கே வந்துவிடலாம்" என்றார். ஆசாரி வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது அபூர்வம்.

பனை மற்ற மரங்களைப்போல இல்லை. தேக்கிலும் வேம்பிலும் வைரம் நடுவில் இருக்கும், வெளிச்சுற்று மென்மை. பனையில் தலைகீழ். வெளிப்பக்கம் கருகருவென்று இரும்புபோல் இருக்கும். உள்ளே போகப் போக நார் தளர்ந்து நடுவில் வெறும் சோறு. பிளந்த பனங்கை ஒன்றைக் கையில் எடுத்தால் ஒரு முகம் ஆணி இறங்காத கறுப்பு, மறுமுகம் நகத்தால் கீறினால் தும்பு தும்பாக வரும். தலைப்பக்கத்தை அறுத்துப் பார்த்தால் வெளிர் பழுப்பில் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகக் குத்தியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற ஒரு நார். அந்த வழியாகத்தான் தண்ணீர் ஏறும். விறகு விலை கேட்ட வியாபாரியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வளையாத நீளக் கட்டைக்கு அதைவிட நல்லது என் கையில் வேறில்லை.

கணக்கு எளிதுதான், பத்தாம் வகுப்புப் பாடம். எட்டடிக்கு ஆறடித் தளம், அடியில் சட்டம், எல்லாம் சேர்ந்து ஆறரைக் கன அடி மரம். ஒரு கன அடி 28.3 லிட்டர்; ஆக 184 லிட்டர் அளவு. எடை ஏறத்தாழ 130 கிலோ. மரம் மட்டும் என்றால் மிதக்கும். மேலே ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கும். அதாவது நான் ஏறினால் என்னோடு சேர்ந்து அதுவும் அமிழும். காற்றடைத்த கேன்கள் இல்லாமல் ஆகாது. இருநூறு லிட்டர் நீல டிரம் நான்கு கட்டிவிடு என்றார்கள் எல்லோரும். கட்டலாம், யானையே ஏறலாம். ஆனால் அவ்வளவு மிதப்பு இருந்தால் தளம் தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடிக்குக் குறையாமல் நிற்கும். தண்ணீரில் களைத்துக் கிடக்கிற பத்து வயதுப் பெண் அந்த உயரத்துக்குத் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. மேலிருந்து குதிக்கிறவனுக்கு உயரம் சௌகரியம். கீழிருந்து ஏறுகிறவளுக்குத் தாழ்வு வேண்டும். ஐம்பது லிட்டர் கேன் ஆறு போதும் என்று முடிவு செய்தேன். ஆள் ஏறாதபோது கேன்கள் பாதிதான் அமிழும், தளம் தண்ணீருக்கு மேல் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். இன்னும் நூற்றைம்பது கிலோவரை தாராளம். பிள்ளைகள் நான்கு பேர், அல்லது பெரியவர் இருவர்.

கேன்களைத் திருப்பூரில் சாயப்பட்டறைப் பக்கம் கேட்டால் சும்மாவே தருவார்கள். நான் கேட்கவில்லை. நொய்யல் ஆற்றை அறிந்தவர்கள் அந்தக் கேனைக் கிணற்றில் இறக்கமாட்டார்கள். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் கட்டி, பாசனத்துக்குப் பதிலாகச் சாயக் கழிவைத் தேக்கி வைத்த கதையும், 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன கதையும் இங்கே யாருக்கும் புதிதல்ல. காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்த கேன்களை விலைக்கு வாங்கினேன். எத்தனை கழுவியும் வாசனை போகவில்லை. போகட்டும்.

எதை மூடுவது, எதை விடுவது

ஊற்றினால் பிளாஸ்டிக்போல் இறுகிவிடுகிற பிசினான ரெசின் பற்றி எனக்கு முன்பே ஒரு கடுப்பு உண்டு. கோவையில் இப்போது எந்தப் புது உணவகத்துக்குப் போனாலும் பழைய மரப் பலகை இரண்டுக்கு நடுவே நீல ரெசினை ஊற்றி ஆறு ஓடுவதுபோல் மேசை போட்டிருக்கிறார்கள். மேலே பளபளவென்று கண்ணாடி. நொய்யலும் நீலமாக ஓடிய நாட்கள் உண்டு, அது சாயம். பழைய மரத்தைக் காப்பாற்றினோம் என்று பெயர், ஆனால் மரத்தைத் தொடவே முடியாது. விரல் படுவதெல்லாம் பிளாஸ்டிக். அதே முறையில் மிதவை செய்யச் சொல்லும் காணொளிகளும் ஏராளம். ஊற்று, மூடு, காலத்துக்கும் கெடாது.

ஆசாரி எதிர்த்திசை. "மரத்துக்கு மூச்சு வேண்டும். இதைப் பூசினால் உள்ளேயே புழுங்கிச் செத்துவிடும்" என்றார். தண்ணீரிலேயே கிடக்கிற கட்டை கெடாது, காய்ந்தே இருக்கிற கட்டையும் கெடாது, நீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடத்தில்தான் உளுத்துப்போகும் என்பது அவருடைய வாதம். அது சரிதான். பழைய வேலிக் கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள்: மண்ணுக்குள் ஆழத்தில் இருந்தது திடமாக இருக்கும், மேலே இருந்ததும் அப்படியே, தரைமட்டத்தில் மட்டும் அரித்திருக்கும். ஆனால் ரெசின்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆறு பக்கமும் விடாமல் மூடினால் ஈரமே உள்ளே போகாது. சிக்கல் எங்கே என்றால், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற பலகையில் அந்த மூடல் எத்தனை நாள் விரிசல் விடாமல் இருக்கும்? ஒரு மயிரிழை வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. அப்போது ஆசாரி சொன்னதுதான் நடக்கும். வெயிலும் அதற்கு எதிரி. எபாக்சி என்கிற அந்த வகை ரெசின் வெயிலில் மஞ்சளாகிப் பொரிந்துபோகும்.

எனவே இருவர் பேச்சையும் பாதிப் பாதியாகக் கேட்டேன். கால் படுகிற தேக்குப் பலகைகளுக்கு ரெசினே இல்லை. ஆளி விதை எண்ணெய் மட்டும், அதுவும் நன்றாகக் காயும்வரை மேட்டிலேயே வைத்து. கெட்டுப்போனால் ஒரு பலகையைக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். அறுத்த தலைப்பக்கங்கள், வெடிப்புகள், பனங்கையின் தும்பு முகம், போல்ட் துளைகள் ஆகியவற்றுக்கு மட்டும் எபாக்சி. துளை விஷயத்தில் படகு கட்டுகிறவர்களின் முறை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைக்க வேண்டும்; மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசினால் அந்தத் துளையை அடைத்துவிட வேண்டும்; இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளைக்க வேண்டும். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. போல்ட் வழியாகத் தண்ணீர் கசிந்தாலும் அது ரெசின் குழாய்க்குள்தான் நிற்கும். ஆசாரி இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் பட்டறைக் கதவு ஒன்றுக்கு மீதி ரெசின் கேட்டு வாங்கிப் போனார்.

கோவையில் பைபர் வேலை செய்கிறவர்களிடம் போனால் அவர்கள் பழக்கத்தில் பாலியெஸ்டர் ரெசினைத்தான் கொடுப்பார்கள். கோபால்ட், கேட்டலிஸ்ட், மேட் என்று அது ஒரு தனி உலகம். தொட்டிக்கும் வண்டிக்கும் நல்லது, விலையும் குறைவு. மரத்தில், அதிலும் எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில், அது சரியாக ஒட்டாது. நாளாவட்டத்தில் தோல்போல் உரிந்து வரும். எபாக்சி ஒட்டும், ஆனால் கணக்கு பிசகக்கூடாது. நான் வாங்கியதில் எடைக்கு ரெசின் பத்து பங்கு என்றால், அதை இறுகவைக்கிற ஹார்டனர் ஒரு பங்கு. பாலியெஸ்டர்காரர்கள் அவசரம் என்றால் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டுவார்கள். எபாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது, என்றைக்கும் முழுதாக இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். சமையலறைத் தராசை எடுத்துப் போனதற்கு அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு

பூச்சு வேலையைப் பொழுது சாய்ந்த பிறகுதான் வைத்துக்கொண்டோம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்தின் துளைகளில் இருக்கிற காற்று விரிந்து, ரெசினைத் தள்ளிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். மாலையில் மரம் குளிரும்போது காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். மாசி மாதம், காற்று இல்லை. ஆடியில் இதைத் தொடங்கியிருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊர்ப் புழுதியையெல்லாம் கொண்டுவந்து ஒட்டியிருக்கும்.

ஆணி எடுத்த அண்ணனும் நானும்தான் இருந்தோம். இரண்டு பேருக்கும் கையுறை. எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் போகாது. நான் கலந்து கொடுக்க, அவர் பனங்கைகளின் தலைப்பக்கத்தில் தூரிகையால் வைத்துக்கொண்டே வந்தார். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். ரெசின் பட்டதும் பளபளக்கும்; சில நொடியில் மங்கும்; உள்ளே குடித்துவிட்டது. மறுபடி வைத்தால் மறுபடி மங்கும். நார்களுக்கு நடுவிலிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி வரும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோதான் பளபளப்பு நிற்கும். "குடிக்கிறவரை கொடு" என்று எனக்கு அவரே சொன்னார், யாரும் சொல்லித்தராமலே.

எதற்கு இது என்று கேட்டார். பெண் பிள்ளைகள் நீந்திப் பழக என்றேன். பேச்சு வாக்கில், "நீங்களெல்லாம் சின்ன வயதில் இந்தக் கிணற்றில் எவ்வளவு குதித்திருப்பீர்கள்" என்றும் சொன்னேன்.

"இந்தக் கிணற்றிலா?" என்றார். தூரிகை நிற்கவில்லை. "எங்களுக்கு வாய்க்கால்தான் அம்மிணி."

நான் கையில் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். கலந்த ரெசினை டப்பாவிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே வேகும். பரப்பிவிட்டால்தான் நிதானமாக இறுகும். டப்பா சுட ஆரம்பித்து, லேசாகப் புகைவர, அவர்தான் என் கையிலிருந்து வாங்கி மண்ணில் வைத்தார். அந்தக் கலவை வீண். வேறு கலந்தேன். அவர் வேலையைத் தொடர்ந்துகொண்டே சொன்னார். ஆகஸ்ட் 15 வாக்கில் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் காலனிப் பையன்கள் மூன்று மைல் நடந்து போவார்களாம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தண்ணீர் இழுக்கும், எதிர்த்து அடிக்கக்கூடாது, இழுக்கிற திசைக்கே உடம்பைக் கொடுத்து, சாய்வாக அடித்துக்கொண்டே போனால் எங்காவது ஒரு படித்துறை வரும். வராவிட்டால் அடுத்த பாலம். "நின்ற தண்ணீரில் நீந்துகிறவர்கள் நிற்கலாம். வாய்க்காலில் நின்றால் கொண்டுபோய்விடும்." அவருடைய சித்தப்பா மகன் ஒருவனைக் கொண்டுபோயிருக்கிறது. அதைச் சொல்லும்போதும் குரல் மாறவில்லை. பிறகு, இந்தக் கிணற்றில் சேறு வார மட்டும் வருடா வருடம் இறங்கியிருக்கிறேன் என்றார். தண்ணீர் வற்றிய பிறகு.

பெரியப்பா பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய நினைவில் அந்தக் கிணற்று மேட்டில் எல்லோரும் நிற்கிறார்கள். நிற்காதவர்கள் அந்த நினைவுக்குள் வரவே இல்லை. யாரையும் தடுத்த ஞாபகமும் அவருக்கு இருக்காது. தடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. யாரும் வந்து கேட்டிருக்கமாட்டார்கள். அம்மாவும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. என் மகள் கேட்டாள். திருப்பூர்க் குளத்தில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று பார்த்து வளர்ந்ததால் கேட்டாள். காசு கட்டி நீச்சல் பழகுவதைப் பற்றி இத்தனை வருடம் திண்ணையில் சிரித்தோமே, அந்தக் குளத்தில் டிக்கெட் கொடுக்கிறவன் வீடு எங்கே என்று கேட்பதில்லை. பழைய காலத்துத் தைரியம், பழைய காலத்து உடல்வாகு என்று உருகுகிறவர்களிடம் இதைச் சொன்னால், "எல்லாவற்றிலும் அதைக் கொண்டுவராதே" என்பார்கள். நான் கொண்டுவரவில்லை. பனங்கைக்கு ரெசின் வைத்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே இருந்தது.

தண்ணீரில்

கேன்களில் ரெசின் எதற்கும் உதவாது. அந்தப் பிளாஸ்டிக்கில் எபாக்சி ஒட்டாது. மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றி, மரைக்கு டெப்லான் நாடா சுற்றி இறுக்கினோம். கிணற்றில் வேறு ஒரு வம்பு உண்டு: மதிய வெயிலில் கேனுக்குள் காற்று சூடாகி விரியும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது மூடி வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூடி எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற மாதிரி கேனைப் படுக்கவைத்தால் உறிஞ்சினாலும் காற்றைத்தான் உறிஞ்சும். சங்ககிரி லாரிக்காரர்கள் சரக்குக்குப் போடுகிற பெல்ட்டால் சட்டத்தோடு கட்டியாயிற்று.

கட்டிப்போடுவதுதான் யோசிக்கவைத்தது. மோட்டார் ஓடினால் நீர்மட்டம் ஒரே நாளில் சில அடி இறங்கும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் மிதவை அந்தரத்தில் தொங்கும்; தளர்த்தி விட்டால் மட்டம் ஏறும்போது கயிறு தண்ணீரில் சுருண்டு காலில் மாட்டும். அப்பாரு காலத்துக் கவலை உருளைகள் இரண்டு தொழுவத்தில் கிடந்தன. மாடு பின்னும் முன்னும் நடந்து சாலில் தண்ணீர் இறைத்த காலத்து உருளைகள். அவற்றை எதிரெதிர் மேட்டில் பொருத்தி, மிதவையிலிருந்து வருகிற நைலான் கயிற்றை அவற்றின்மேல் போட்டு, மறுமுனையில் ஒவ்வொரு கல்லைத் தொங்கவிட்டோம். மட்டம் இறங்கினால் கல் ஏறுகிறது. மட்டம் ஏறினால் கல் இறங்குகிறது. கயிறு தொய்வதே இல்லை. இது ஆசாரியின் யோசனை. ரெசினை ஏற்காவிட்டாலும் இதற்கு அவரே இரண்டு நாள் கூலி வாங்காமல் வேலை செய்தார்.

ஆறு பேர் கயிறு பிடித்து இறக்கினார்கள். சாயவில்லை. என் கணக்கைவிட இரண்டு விரற்கடை தாழ்வாக மிதந்தது. எண்ணெய் குடித்த பலகைகளின் எடையை நான் சேர்க்கவில்லை. அம்மாவும் படியில் இறங்கிவந்து, கையைக் கொடுக்கச் சொல்லி, ஏறி உட்கார்ந்தார். கால் இரண்டும் முழங்கால்வரை தண்ணீரில். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். போல்ட் தலை சேலையில் மாட்டுகிறது, அதைப் பலகைக்குள் இறக்கியிருக்கக் கூடாதா என்றார். நியாயமான குறை. மறுவாரமே பலகையைக் குடைந்து எல்லாத் தலைகளையும் உள்ளே இறக்கிவிட்டோம்.

கற்றுக்கொடுக்க யார்? என் அண்ணன்மார் நன்றாகக் குதிப்பார்கள். குதிப்பதைத் தவிர மற்றதைச் சொல்லித்தர அவர்களுக்குத் தெரியாது. வாய்க்கால்காரரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூலி என்ன தருவீர்கள் என்றார். பேசி முடித்தோம். மிதவையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்கச் சொல்கிறார், அப்புறம் ஒரு கையை விடச் சொல்கிறார், அப்புறம் மல்லாந்து கிடக்கச் சொல்கிறார். தள்ளிவிடுவது என்ற பேச்சே இல்லை. எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் ஆறேழு பேர் வருகிறார்கள். இடுப்பில் சுரைப்புருடைக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப். என் மகள் குளத்துப் பழக்கத்தில் அவரை "மாஸ்டர்" என்று கூப்பிட, மற்றவர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அவரை இன்னும் "வாடா போடா" என்கிற பெரியப்பா முதல் நாள் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மோட்டாரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் ஓடவில்லை.

மாஸ்டருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஏழாம் வகுப்பு. அழைத்து வாருங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். பெரியப்பா ஈரோட்டுக்கோ பழனிக்கோ போயிருக்கிற ஞாயிறுகளில் வருகிறாள், பிள்ளைகளில் அவள்தான் வேகமாகக் கற்றுக்கொள்கிறாள். மற்ற ஞாயிறுகளில் வீட்டில் வேலை என்கிறார். யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. சொல்லாமலே நடக்கிறது, முன்பு நடந்ததுபோலவே. கிணறு அப்பா பெயரிலும் பெரியப்பா பெயரிலும் கூட்டுப் பட்டா. நான் மட்டும் முடிவு செய்கிற காரியம் அல்ல என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அது எடுபடவில்லை.

இதைப் பெரியப்பா படிப்பார். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நான் எழுதுவதில் ஒரு வரி விடாமல் படித்து, பிழையும் சொல்கிறவர் அவர். அதனால்தான் திண்ணையில் சொல்ல வராததை இங்கே எழுதியிருக்கிறேன். பெரியப்பா, வருகிற ஞாயிறு எங்கேயும் போகாதீர்கள். மாஸ்டரிடமும் அன்றைக்கு மகளைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் ஊரில் இருப்பீர்கள் என்று சொல்லியே.